மரம் முந்தியதா, கம்பி முந்தியதா?

ஆனி பிறந்து மேல்காற்று கிளம்பிவிட்டால், எட்டயபுரத்துக்குத் தென்மேற்கே கயத்தாறு முதல் ஆரல்வாய்மொழி வரையில் நிற்கும் காற்றாலைகள் யாவும் இராப்பகலாகச் சுழன்று, தமிழ்நாட்டின் மின்தேவையில் ஒரு கணிசமான பாகத்தைச் சில மாத காலம் தாமே சுமந்துகொள்கின்றன. அதே காற்று, அதே நாளில், எட்டயபுரத்துத் தெரு ஒன்றில் வேப்பங்கொப்பு ஒன்றைப் பதினோராயிரம் வோல்ட் கம்பியின்மீது உரசவிட்டு ஊரை இருளில் ஆழ்த்திவிடுவதும் உண்டு. மின்சாரத்தைக் கொண்டுவரும் காற்றே மின்சாரத்தைப் பறித்துக்கொண்டும் போகிற இந்த விசித்திரத்தை இப்பக்கத்து ஜனங்கள் நெடுங்காலமாகப் பார்த்துப் பழகிவிட்டபடியால், விளக்கு அணைந்ததும் எவரும் திடுக்கிடுவதில்லை. "காத்து அடிக்குதுல்லா, எங்கயாச்சும் கொப்பு விழுந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு விசிறியும் கையுமாக வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். இந்தப் பொறுமையைப் பாராட்டுவதா, அல்லது இந்தப் பொறுமைதான் காரியத்தைக் கெடுத்துவைத்திருக்கிறது என்று சொல்வதா என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே.

தூத்துக்குடி ஜில்லாவை மின்சாரப் பஞ்சம் பிடித்த பிரதேசம் என்று எவரும் சொல்லிவிட முடியாது. 1979-இல் முதல் யந்திரம் இயங்கத் தொடங்கி, பிற்பாடு ஐந்து யந்திரங்களும் 1,050 மெகாவாட் திறனுமாக வளர்ந்த அனல்மின் நிலையமும், 2015-இல் அதன் பக்கத்திலேயே எழுந்த 1,000 மெகாவாட் நிலையமும், காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் பரீட்சை இந்தியாவில் முதன்முதலாக நடந்த இரண்டு மூன்று ஸ்தலங்களில் ஒன்றென்று 1986-இல் பெயர் பெற்ற முள்ளக்காடும் இந்த ஜில்லாவுக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே எட்டயபுரத்து வீட்டு விளக்கு அணைவதற்குக் காரணத்தை உற்பத்தியில் தேடுவது வீண். உபமின் நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் வருகிற கடைசிச் சில மைல்களில், தெருவோரத்திலும் கரிசல் காட்டிலும் ஓடையோரத்திலும், அது கிளைகளோடு கிளையாக மறைந்து கிடக்கிறது.

அந்தக் கடைசிச் சில மைல்களில் ஓடுவது பெரும்பாலும் உறையற்ற வெற்றுக் கம்பி. எஃகு இழையைச் சுற்றி அலுமினிய இழைகளை முறுக்கிச் செய்த அந்தக் கம்பிக்கு, கம்பத்தின் தலையில் அதைத் தாங்குகிற பீங்கானைத் தவிர, சுற்றியுள்ள காற்றே காப்பு. பச்சைக்கிளையோ நீர் நிறைந்த வஸ்து. அதன் அடி மண்ணில் இருக்கிறது, நுனி கம்பியைத் தொடுகிறது. தொட்ட மாத்திரத்தில் மின்சாரம் வெள்ளமாய்ப் பாய்ந்துவிடுவதில்லை. முதலில் சிறு கசிவாகத் தொடங்கி, இலை நுனிகளைக் கருக்கி, பட்டையைச் சுட்டு, சுட்ட இடம் கரியாகி, கரியான தடம் நல்ல கடத்தியாகவும் ஆகிவிட்ட பிறகுதான், ஒரு தூறல் விழுந்த இரவில், எல்லாம் சேர்ந்து வெடிக்கிறது. தெருவில் நடக்கும்போது அண்ணாந்து பார்க்கிற பழக்கமுள்ளவர்கள் இதை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம்: மரம் முழுவதும் பசுமையாக இருக்க, கம்பிக்கு நேராக உள்ள ஒரு கைப்பிடித் தழை மாத்திரம் தீய்ந்து, ஓரம் சுருண்டு, காப்பிப்பொடி நிறத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துச் சொல்லியனுப்ப ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

கசிவு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் உபமின் நிலையத்திலுள்ள ரிலே அதை உணர்ந்து பிரேக்கரைத் திறந்துவிடுகிறது. லைன் டிரிப் ஆகிவிட்டது என்கிறார்கள். அங்குள்ள ஆபரேட்டர் ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்ப்பார். காற்று ஓய்ந்து கொப்பு விலகியிருந்தால் நிற்கும். விலகாதிருந்தால் லைன் மறுபடியும் டிரிப் ஆகிவிடும். அப்பொழுது டார்ச் விளக்கும் கையுமாக ஒரு லைன்மேன் கம்பம் கம்பமாக நடந்து பார்த்து வரவேண்டும். ஃபீடர் எனப்படும் ஒரே மின்பாதையில் பல தெருக்களும் சில கிராமங்களும் தொங்குவதால், ஒரு வேம்பின் ஒரு கிளைக்காக அத்தனை வீடுகளும் காத்திருக்கின்றன. வீடுகளாவது காத்திருக்கும். தீப்பெட்டித் தொழிற்கூடத்திலும் அச்சகத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்துக்கு ஒரு நிமிஷத் தடையும் அரைமணி நஷ்டந்தான். நிறுத்திய இடத்திலிருந்து அது தானே தொடங்கிவிடாது.

இவ்விடத்தில் அணில் விஷயத்தையும் சொல்லிவிடலாம். 2021 ஜூன் மாதத்தில் அப்போதைய மின்சாரத் துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, செடிகொடிகள் வளர்ந்து கம்பியைத் தொடுகிற இடங்களில் அணில்கள் ஏறி ஓடுவதால் கம்பிகள் ஒன்றோடொன்று பட்டு மின்தடை நேர்கிறது என்று காரணம் கூறப்போக, தமிழ்நாடே சிரித்தது. எதிர்க்கட்சியினரும் கேலிச்சித்திரக்காரர்களும் பல நாள் அதைக்கொண்டே விருந்துண்டார்கள். ஆனால் பொறியியல் அறிந்தவர்கள் சிரித்திருக்கமாட்டார்கள். 1987 டிசம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையின் கணிப்பொறிகளே ஓர் அணிலால் நின்றுபோயின. அமைச்சரின் வாக்கியத்தில் நகைப்புக்கு இடமான சொல் அணில். கவனிக்கவேண்டிய சொல், அந்த அணில் ஏறிவருவதற்கு ஏணி வைத்துக்கொடுத்த செடிகொடி. சிரித்த நாம் அந்தச் சொல்லைத் தவறவிட்டுவிட்டோம்.

இனி, இதற்கு இப்பொழுது நடக்கும் வைத்தியத்தைப் பார்ப்போம். பத்திரிகையின் ஒரு மூலையில், 'நாளைய மின்தடை' என்ற தலைப்பின் கீழ், மாதாந்திரப் பராமரிப்புப் பணி நிமித்தம் காலை 9 மணி முதல் இன்னின்ன ஊர்களில் மின்விநியோகம் இருக்காதென்று பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது. மறுநாள் லைன் கிளியர் என்னும் அனுமதி வாங்கி, பாதையைத் துண்டிக்கும் ஏ.பி. ஸ்விட்சைத் திறந்து, கம்பியை எர்த் செய்து, ஏணியும் அரிவாளும் கயிறும் நீண்ட கழியில் கட்டிய தொரட்டியுமாக ஆட்கள் இறங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, பராமரிக்கவேண்டிய தூரம் அதிகம், ஆட்கள் குறைவு, பிற்பகலுக்குள் கரண்ட் கொடுத்தாகவேண்டும், கீழே நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டே "எப்பங்க வரும்?" என்று கேட்பவர்களோ பலர். கிளை கீழே விழுந்த சுருக்கில் எங்கிருந்தோ இரண்டு ஆட்டுக்காரர்கள் தழையைப் பொறுக்க வந்துவிடுவார்கள். அந்த ஒரு நாளில் சந்தோஷப்படுகிற ஜீவன்கள் அவர்கள் ஓட்டிவந்த வெள்ளாடுகள் மாத்திரமே.

குற்றம் வெட்டுகிற கையில் இல்லை, வெட்டு விழுகிற இடத்தில் இருக்கிறது. அவசரத்தில் கைக்கெட்டியபடி, தலையில் பாதியை, நடுக்கிளையின் இடையில் மொட்டையாக வெட்டிவிடுகிறார்கள். மனித உடம்பு புண்பட்டால் புதுச்சதை வளர்ந்து ஆறுகிறது. மரம் அவ்விதம் ஆறுவதே இல்லை என்பதையும், காயத்தைச் சுற்றி மதில் எழுப்பி அதை உள்ளேயே அடைத்துவைத்துவிட்டுப் புதிய கட்டையை வெளியே வளர்த்துக்கொள்கிறது என்பதையும், அமெரிக்க வன இலாகாவில் பணிபுரிந்த அலெக்ஸ் ஷைகோ என்ற விஞ்ஞானி, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக அறுத்துப் பார்த்து நிரூபித்தார். கிளை தாய்மரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் ஒரு சிறு புடைப்பு இருக்கிறது. மதில் எழுப்பும் சக்தி அங்கேதான் இருக்கிறது. புடைப்பைத் தொடாமல் அதற்குச் சற்று வெளியே அறுத்தால் காயம் மூடிக்கொள்ளும். கிளையின் நடுவில் அறுத்தால் மூடாது, முண்டம் அழுகும், அழுகல் உள்ளே இறங்கும், அதற்குள் முண்டத்தின் விளிம்பிலிருந்து பத்துப் பதினைந்து போத்துகள் நேர்செங்குத்தாகக் கிளம்பி, வெட்டுண்ட தலையை ஈடுசெய்ய வேண்டுமென்ற ஆவேசத்தோடு ஒரே மழைக்காலத்தில் கம்பியை எட்டிவிடும். பட்டையோடு மாத்திரம் ஒட்டிக்கொண்டு, கட்டைக்குள் வேர்பிடிக்காமல் வளர்ந்த போத்துகள் ஆகையால், ஆடிக்காற்றில் முதலில் முறிந்து விழுவனவும் இவையே. ஆக, போன வருஷத்துப் பராமரிப்பே இந்த வருஷத்து மின்தடைக்கு விதையாகிறது.

ஷைகோ காட்டிய வழியில் வெட்டுபவர்கள் மரத்தின் உயரத்தைப் பார்ப்பதில்லை, அது போகும் திசையைப் பார்க்கிறார்கள். கம்பியை நோக்கி வருகிற கிளையை அது பிரிகிற கவட்டிலேயே நீக்கிவிட்டு, கம்பியை விட்டு விலகிப் போகிற கிளையை இருக்கவிட்டால், மரத்தின் வேகம் அந்தப் பக்கமாகத் திரும்பிவிடுகிறது. பார்வைக்கு மரம் ஒரு பக்கம் வகிடெடுத்ததுபோல் கோணலாகத்தான் இருக்கும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை அரிவாளுக்குத் தலைகொடுக்கவேண்டிய அவசியம் அதற்கு இராது. வேம்புக்கு இந்த உபாயம் நன்றாகவே பலிக்கும். புங்கனுக்கும் பலிக்கும்.

பனைக்குப் பலிக்காது, கரிசலும் தேரியும் உப்பளமும் சேர்ந்த இந்த ஜில்லாவில் அதுதான் பெரிய சங்கடம். பனைக்குக் கிளை கிடையாது, திருப்பிவிடத் திசை கிடையாது. தலையில் உள்ள ஒரே குருத்துதான் அதன் உயிர். குருத்தை வெட்டினால் மரம் முடிந்தது. கம்பி அதன் உச்சிக்குச் சமீபமாக ஓடினால், பனையை எடுக்கவேண்டும், அல்லது கம்பியை நகர்த்தவேண்டும். மூன்றாவது வழி கிடையாது. பனையேறிகள் ஊர்தோறும் இருந்த காலத்தில் பதநீருக்காகவும் ஓலைக்காகவும் மனிதர்கள் ஆண்டுதோறும் அதன்மேல் ஏறி, காய்ந்த மட்டைகளைக் கழித்துத் தலையைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். அவர்கள் மின்சாரத்துக்கும் உபகாரம் செய்துகொண்டிருந்தார்கள் என்பது அவர்களுக்கும் தெரியாது, மின்சார இலாகாவுக்கும் தெரியாது. ஏற ஆளில்லாமல் போனபின், காவோலை பாவாடைபோல் கீழ்வரை தொங்கி, காற்றடித்தால் கனத்த மட்டையோடு பிய்த்துக்கொண்டு பறந்து, இரண்டு கம்பிகளுக்குக் குறுக்கே பாலம்போல் விழுந்துவிடுகிறது. அந்த ஒரு மட்டையை எடுத்துப்போட ஒரு ஃபீடரை நிறுத்தவேண்டும். 2021 ஆகஸ்டில் தாக்கலான தமிழகத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட நேர்ந்தால் கலெக்டரின் அனுமதி வேண்டுமென்று அறிவித்தது; நியாயமான காரியந்தான். காய்ந்த ஓலையைக் கழிக்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஏறத் தெரிந்தவர்தான் வேண்டும். எஞ்சியுள்ள பனையேறிகளை வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனி சித்திரையில், கம்பிப்பாதையோரத்துப் பனைகளைக் கழிக்கக் கூலிபேசி அமர்த்திக்கொண்டால் மின்வாரியத்துக்கு எவ்வளவு லாபமென்று யாரேனும் கணக்குப் பார்த்தால் நன்றாயிருக்கும்.

மரந்தான் கம்பியைத் தேடி வருகிறது என்றும் எப்போதும் சொல்லிவிட முடியாது. கரிசல் மண் கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளக்கிறது. ஐப்பசி மழையில் ஊறி உப்பி எழும்புகிறது. ஆண்டுதோறும் இப்படிச் சுருங்கி விரிகிற மண்ணில், அடியில் போதிய கான்கிரீட் இல்லாமல் ஊன்றிய கம்பம் மெல்ல மெல்லச் சாய்கிறது. கம்பம் சாய்ந்தால் கம்பி தொய்கிறது. தொய்ந்த கம்பி, போன வருஷம் எட்டாத உயரத்தில் இருந்த உடைமரத்தின் தலைக்கு இறங்கி வருகிறது. கேபிளை நிலத்துக்கடியில் புதைத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே என்று பட்டணத்துக்காரர்கள் சொல்லுவார்கள். செலவைப் பல மடங்காக்கிக்கொண்டு, இந்த மண்ணின் இழுப்புக்கும் தள்ளலுக்கும் கேபிள் மூட்டுகளை ஒப்படைக்கத் துணிகிறவர்கள் முதலில் ஒரு கோடையில் கரிசல் காட்டை நடந்து பார்த்துவிட்டு வரட்டும். நெருக்கமான தெருக்களில் உறையிட்ட கம்பிகளை ஒன்றாக முறுக்கிக் கட்டும் முறை இப்பொழுது வந்திருக்கிறது. கிளை உரசினாலும் லைன் சட்டென்று டிரிப் ஆவதில்லை. இவ்வூர் வேப்பமரத் தெருக்களுக்கு அதுவே பொருந்தும் என்பது என் எண்ணம்.

சீமைக் கருவேலத்தைப் பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை. வெட்ட வெட்டத் தழைக்கும். தூரோடு எடுத்தாலன்றிப் போகாது. கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியைப் பிடித்து ஏறுகிற கொடிகளுக்குக் கைகொடுக்கும். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் அதை விலைகொடுத்து வாங்க ஆளிருப்பது ஒன்றே நல்ல அம்சம்.

சட்டம் இந்த விவகாரத்தை எப்படிப் பார்க்கிறதென்பது சுவாரஸ்யமானது. 1885-இல், பாரதி இவ்வூர்த் தெருவில் மூன்று வயது நிறையாத குழந்தையாக இருந்தபோது, இயற்றப்பட்ட இந்தியத் தந்திச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, தந்திக்கு இடையூறான மரத்தை அகற்ற மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் கொடுத்தது. கூடவே, தந்திக் கம்பி போடுவதற்கு முன்பே நின்ற மரமாயிருந்தால் அதற்குரியவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கவேண்டுமென்றும் விதித்தது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68-ஆம் பிரிவும் ஏறக்குறைய அதே ஏற்பாட்டைத்தான் திருப்பிச் சொல்லுகிறது. மரம் என்றால் புதரும் வேலியும் காட்டுச்செடியும் அடங்கும் என்று விளக்கமும் தருகிறது. மரம் முந்தியதா, கம்பி முந்தியதா என்பதே நஷ்ட ஈட்டுக்கு ஆதாரமான கேள்வி. நல்ல கேள்விதான், ஆனால் கம்பிக்குக் கீழே போன வருஷம் நட்ட கன்று இருபது வருஷத்தில் என்ன ஆகுமென்பதைச் சட்டம் கேட்பதில்லை, அதைக் கேட்கவேண்டியவர்கள் நடுகிறவர்கள்.

அலட்சியத்தின் விலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகம் மறக்காத சாட்சியம் 2003-இல் கிடைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் தேதி பிற்பகல், அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்தில் மூன்று 3,45,000 வோல்ட் மின்பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஏறக்குறைய முக்கால் மணி நேரத்துக்குள், கீழே வளர்ந்திருந்த மரங்களைத் தொட்டு டிரிப் ஆகிவிட்டன. அம்மூன்றில் எதுவும் தன் சக்திக்கு மிஞ்சிய சுமையைச் சுமக்கவில்லை. முதலாவது பாதை பாதிச் சுமைகூட ஏற்றியிருக்கவில்லை. இரண்டாவது பாதை மரத்தில் பட்டதை, சமீபத்தில் கிளைவெட்டிக்கொண்டிருந்த ஆட்களே கண்ணால் கண்டார்கள்! ஐந்து ஆண்டுக்கு ஒரு சுற்று என்று அப்பாதைகளுக்குரிய மின் நிறுவனம் கிரமமாகத்தான் வெட்டிவந்தது. மரங்கள் அந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்து வளரவில்லை. எச்சரிக்கை செய்யவேண்டிய கணிப்பொறியும் அன்று பழுதுபட்டிருக்க, அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறக்குறைய ஐந்து கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். ஆறு வாரம் கழித்து, செப்டம்பர் 28 அதிகாலை மூன்று மணிக்கு, ஸ்விட்ஸர்லாந்தில் ஒரு மரம் ஒரு மின்பாதையைத் தொட, சார்டீனியாத் தீவு நீங்கலாக இத்தாலி முழுவதும் அணைந்தது.

நம்முடைய நாட்டில் உயரழுத்தப் பாதைகளுக்கு இதைவிட ஒழுங்கான ஏற்பாடு உண்டு. காட்டு நிலங்களின் வழியே போகும் பாதைகளுக்கு மத்திய அரசு வகுத்த நெறிமுறையில், 110 கிலோவோல்ட்டுக்கு 22 மீட்டரும் 220 கிலோவோல்ட்டுக்கு 35 மீட்டரும் அகலம் குறிக்கப்பட்டிருக்கிறது. பதினோராயிரம் வோல்ட்டுக்கு அகலம் 7 மீட்டர். கம்பிக்கும் கிளைக்கும் இடைவெளி குறைந்தது 2.6 மீட்டர். எட்டயபுரத்துத் தெருக்களில் ஏழு மீட்டர் அகலத்துக்கு எங்கே போவது? ஒரு பக்கம் வீட்டு மாடி, மறுபக்கம் சாக்கடை, நடுவில் கம்பம், கம்பத்தை அணைத்தாற்போல் ஒரு வேம்பு.

இந்த நெருக்கத்தில் நேர்கிற மரணங்களைச் சொல்லாமல் கட்டுரையை முடிப்பது தர்மமாகாது. ஆட்டுக்குத் தழை பறிக்கவும் முருங்கைக்காய் ஒடிக்கவும் இரும்புக் குழாயில் கட்டிய தொரட்டியை ஓங்கியபோது மேலே கம்பியில் பட்டு உயிரிழந்தவர்களின் செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஈரமான மூங்கிலும் இரும்புக்குச் சளைத்ததன்று. பதினோராயிரம் வோல்ட் கம்பியிலோ, தொடாமலே நெருங்கினாலும் மின்சாரம் தாவிவிடும் அபாயம் உண்டு. மின்தடையை மணிக்கணக்கில் அளக்கும் நம்முடைய பதிவேடுகளில் இந்த ஆட்டுக்காரர்களுக்கு இடமில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் கன்று நடும் வைபவங்கள் தொடங்கிவிடும். மாலையும் புகைப்படமுமாக, கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே நேர்கோட்டில், தூங்குமூஞ்சியும் செம்மயிற்கொன்றையும் நட்டுவிட்டுப் போகிறவர்களுக்குக் கைகூப்பி ஒரு விண்ணப்பம்: நடுவதற்கு முன் ஒருமுறை தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். நேர் கம்பிக்குக் கீழே அரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி, கறிவேப்பிலை, மாதுளை, சீத்தா ஆகிய குட்டை ஜாதிகளுக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. வேம்பும் புளியும் வாகையும் வேண்டுமானால் தெருவின் மறுபக்கமோ, ஊருணிக் கரையோ, பள்ளிக்கூட மைதானமோ இருக்கிறது. பேரூராட்சியும் மின்வாரியப் பிரிவு அலுவலகமும் ஒரு நாள் ஒன்றாக நடந்து, எந்தத் தெருவில் எந்த மரம், அது கம்பிக்கு எவ்வளவு கிட்டே, திருப்பி வளர்க்கக்கூடியதா, கம்பியை உறையிட்டதாக மாற்றவேண்டுமா என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டால், அடுத்த ஆனிக்குள் செய்யவேண்டிய வேலை எவ்வளவென்று இரு தரப்பாருக்கும் தெரிந்துவிடும். அந்த நோட்டைத் தொடங்கப் புதிய சட்டமும் வேண்டாம், புதிய நிதியும் வேண்டாம். ஐப்பசிக்கு இன்னும் நாளிருக்கிறது.